எங்களுக்கும் வாய் உண்டு

1

இந்த 2016-ஆம் வருடம் அயர்லாந்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கொடிதான். நூறு வருடத்துக்கு முன் ஓர் ஈஸ்டர் திங்கட்கிழமை, டப்ளினில் உள்ள பெரிய தபால் நிலையத்தைப் பிடித்துக்கொண்டு, இனி இந்த நாடு ஆங்கிலேயனுடையது அல்ல என்று கொஞ்சம் பேர் அறிவித்தார்கள். ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கைதாகிப் போகும் வழியில் சொந்த ஊர்க்காரர்களே அவர்களைத் திட்டினார்களாம், தெருவையெல்லாம் எரிய வைத்துவிட்டீர்களே என்று. பிறகு தலைவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஊரின் மனது மாறியது. சில வருடங்களில் நாடும் கைக்கு வந்தது.

நூற்றாண்டை ஒட்டி ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ராணுவத்தார் நேரில் வந்து ஒரு தேசியக் கொடியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் மகள் ஜெனியின் பள்ளிக்கும் வந்தார்கள். அவளுக்குப் பதினோரு வயது. பிறந்தது இங்கேதான். நான் தமிழில் கேட்டால் புரிந்துகொள்வாள். பதில் ஆங்கிலத்தில் வரும். அதுவும் இந்த ஊர்க்காரர்களின் ராகத்தில்.

டீச்சர் ஒரு கேள்வி கொடுத்திருந்தார்: ஒரு மக்கள் கூட்டம் எதற்காகக் கலகம் செய்கிறது? ஜெனி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பசி, வரி, நிலம் என்று எழுதினாள். எல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான். பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“அம்மா, தோற்கப் போகிறோம் என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் போயிருக்கிறார்கள். அது முட்டாள்தனம்தானே?”

“ஒனக்க தாத்தாவும் போனாரு மக்கா.”

“எங்கே? தாத்தா தையல்காரர்தானே?”

அப்போதுதான் உறைத்தது. என் அப்பாவைப் பற்றி இவளுக்கு நான் சொல்லியிருந்ததெல்லாம் அவர் தையல்காரர், அவள் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார் என்பது மட்டும்தான்.

2

எங்கள் ஊர் புதுக்கடை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு மூலை. அங்கிருந்து களியக்காவிளை பக்கம்தான், அதைத் தாண்டினால் கேரளம். ஐம்பதுகளின் நடுவரை எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. வீட்டில் தமிழ், கோயிலில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு போராட்டம் நடந்ததும், ஐம்பத்துநாலு ஆகஸ்டில் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெளியூர்த் தமிழர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. சென்னையில் நான் நர்சிங் படித்தபோது ஹாஸ்டலில் இதைச் சொன்னால், ‘உங்க பாஷையே மலையாளம் மாதிரி இருக்கு, நீங்களா தமிழுக்குச் சண்டை போட்டீங்க?’ என்று சிரிப்பார்கள்.

அப்பா பெயர் தங்கையன். புதுக்கடை ஜங்ஷனில் தையல்கடை வைத்திருந்தார். அந்தச் சமயத்தில் அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவருடைய அப்பா இறந்த பிறகு, வீட்டு நிலத்தின் எல்லையைச் சரிசெய்ய ஒரு மனுவைத் தமிழில் எழுதிக்கொண்டு, தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி தாளைப் பார்த்தார், படிக்கவில்லை. விரலால் தட்டிவிட்டார், அது தரையில் விழுந்தது. அப்பாவுக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும், எழுதத்தான் வராது. அதைச் சொல்ல வாயெடுக்கும் முன் அந்த அதிகாரி அப்பாவின் அம்மாவிடம் சொன்னாராம், ‘இவனுக்கு வாயில்லையா? வாயுள்ள ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வா’ என்று.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு விடுமுறையில் இதைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

“அதுக்காகவா ஊர்வலத்துக்குப் போனிய? ஒரு மனுவுக்கா?”

“மனு கெடக்கட்டும். கீழ விழுந்த தாளை எனக்க அம்மை குனிஞ்சு எடுத்தா. என்னைப் பாக்காம எடுத்தா. அதக் கண்டுட்டு வீட்டுல இருந்து சோறு திங்க முடியாது மக்கா.”

“பயமா இல்லியா?”

“பயம் இல்லாம இருக்குமா? ஆனா நான் கடக்காரன். என்னை வேலையை விட்டு நிப்பாட்ட ஆருமில்ல. சர்க்கார் சோலி பாக்கவனும் அடுத்தவன் தென்னவெளையில கூலிக்கு நிக்கவனும் வர முடியுமா? அவனுக்கும் சேத்து நான்தானே போணும்.”

ஊர்வலம் ஜங்ஷனை நெருங்கும்போது சுட்டார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் நடந்தவர் விழுந்தார். குனிந்து தூக்கப் போன அப்பாவின் வலது மணிக்கட்டில் லத்தி இறங்கியது. போலீஸ் தேடியபோது பக்கத்துக் கடற்கரை ஊரான தேங்காப்பட்டணத்தில் ஒரு மீன்பிடிக்காரர் வீட்டில், வலை போட்டிருந்த அறைக்குள் ஒளிந்திருந்தார். இரண்டு வருடத்தில் எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அப்பா திரும்பவும் கத்தரிக்கோலைப் பிடித்தார். அந்தக் கை கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. துணியை இடது கையால் நகர்த்தி நகர்த்தி வெட்டுவார்.

இதில் வெளியாட்களுக்குப் புரியாத ஒன்று உண்டு. அப்பாவின் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் மலையாளிகள். கல்யாணச் சட்டைக்கு அளவெடுக்கும்போது அவர்களோடு சிரித்துப் பேசுவது மலையாளத்தில்தான். “மலையாளம் எனக்க வாயில பாதியாக்கும். அதோட எனக்கென்ன பகை? என் வாயப் பொத்தச் சொன்னவனோடதான் பகை” என்பார்.

அதற்கும் நூறு வருடம் முன்னால் எங்கள் சாதிப் பெண்கள் மேலுடம்பில் துணி போடக் கூடாது என்று சட்டம் இருந்தது. போட்டவர்களின் துணியை மேல்சாதிக்காரர்கள் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். மறுநாள் வேறு துணியைப் போட்டுக்கொண்டு அதே சந்தைக்குப் போனார்கள் அந்தப் பெண்கள். பல வருடம் அடிபட்டுத்தான் அந்த உரிமையை வாங்கினார்கள். தோள்சீலைக் கலகம் என்று அதைச் சொல்கிறோம். அதிலும் முதலில் எழும்பியவர்கள் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்தவர்கள், வெளியே போய் வேறு மாதிரி வாழலாம் என்று கண்டுவந்தவர்கள். அமுக்கி அமுக்கியே வைத்திருந்தால் மனிதன் எழும்புவதில்லை. கொஞ்சம் நிமிர்ந்து நின்று பார்த்தவன் மறுபடி குனிய மாட்டான். இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததல்ல. வரலாறு தெரிந்த ஊரில் பிறந்தால் தானாக வந்து சேரும்.

3

நான் இங்கே வந்தது 2004-இல். டப்ளினுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே நர்ஸ் வேலை. முதல் சில வருடங்கள் குடியேற்ற அலுவலகத்தின் வாசலில் விடியும் முன்பே போய் வரிசையில் நிற்பதும், கையில் கவரோடு குளிரில் குதித்துக்கொண்டிருப்பதுமாகப் போயின. ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்தவள்தான் நான், ஆனாலும் இந்த ஊர் ஆங்கிலம் என்னைத் தடுக்கி விழ வைத்தது. ஒரு நாள் நோரா என்ற உதவியாளர், அறையில் இருந்த ஒரு பாட்டியைப் பற்றி ‘காலையிலிருந்து கிவ்விங் அவுட்’ என்றார். ஏதோ வாந்தி எடுக்கிறார் என்று நினைத்து நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இங்கே அதற்குத் திட்டுவது என்று அர்த்தம். பாட்டி என்னையும் திட்டினார். நோரா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். நோராவுக்கு இப்போது அறுபது வயது, சொந்த ஊர் வடமேற்கில் டொனிகால்.

வருடங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது. என் கணவர் செல்வராஜ் பஸ் ஓட்டுகிறார். ஒரு வீடும் கடனோடு வாங்கினோம்.

இந்த வருடம் ஜனவரியில் எங்கள் இல்லத்துக்குப் புது மேலாளர் வந்தார். கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். கறாரானவர். நோயாளிகளின் கட்டிலருகே நாங்கள் வேறு மொழியில் பேசுவதாக ஒரு குடும்பம் புகார் சொல்லியிருந்தது. அது நியாயமான புகார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று ஒரு முதியவர் பயப்படக் கூடாது. நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. தேநீர் அறையிலும் ஆங்கிலம் மட்டும்தான் என்று ஒரு காகிதத்தை அச்சடித்துக் கெட்டிலுக்கு மேலே ஒட்டினார். இடைவேளைக்கும் அது பொருந்துமாம், போனில் பேசினாலும் பொருந்துமாம்.

எங்களோடு ஷைனி என்று கேரளத்தில் பாலா என்ற ஊரைச் சேர்ந்த ஒரு மலையாளிப் பெண் வேலை பார்க்கிறாள். வந்து ஒரு வருடம்தான். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். ஊரில் அவள் அம்மாவுக்கு இதய ஆபரேஷன். இடைவேளையில் போன் வந்தது. ‘அம்மே, வேதனை உண்டோ’ என்று ஷைனி கேட்டுக்கொண்டிருக்கும்போது மேலாளர் கதவைத் திறந்தார்.

“ஷைனி, இங்கே என்ன எழுதியிருக்கிறது?” என்றார்.

ஷைனி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். “என் அம்மா...” என்று தொடங்கினாள்.

“எழுதியிருப்பதைப் படியுங்கள். சத்தமாக.”

எங்கள் எல்லார் முன்னாலும், ஒரு வளர்ந்த பெண், குழந்தைக்குத் தாய், சுவரைப் பார்த்து அந்த வரியை வாசித்தாள். போனில் அவள் அம்மா ‘மோளே, மோளே’ என்று கூப்பிடுவது வெளியே கேட்டது. மேலாளர் போனபிறகும் ஷைனி சுவரைப் பார்த்தே நின்றாள். எங்கள் யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

தரையில் கிடந்த தாளை மகனைப் பார்க்காமல் குனிந்து எடுத்த ஒரு அம்மாவை, நான் பிறக்காத காலத்தில் நடந்ததை, கண்ணால் கண்ட மாதிரி எனக்கு இருந்தது.

4

வீட்டுக்கு வந்து செல்வராஜிடம் சொன்னேன். அவர் களியக்காவிளைக்காரர். எதற்கும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சாலையைத் தாண்டுவார்.

“ஏட்டி, ஒனக்கு ஹெட் நர்ஸ் போஸ்டு வருதுண்ணு பறஞ்ச. இப்பப் போயி வம்பு பிடிக்கணுமா?”

“வம்பு நான் பிடிக்கல்ல. அவதான் பிடிச்சா.”

“அந்தப் பிள்ளை பேசட்டுமே. அவளுக்கல்லவா சங்கடம்.”

“அவ பேசினா விசா போகும். எனக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டு இருக்குல்லா.”

“அப்பம் நீதான் பேசணும்” என்றார். “நெதானமாப் பேசு. கையக் கால ஆட்டாத. ஒனக்குக் கோபம் வந்தா இங்கிலீஷு போயிரும்.”

மறுநாள் பதினோரு மணி இடைவேளையில் தேநீர் அறைக்குப் போனேன். ஷைனியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். எங்கள் ஊர்த் தமிழில், நல்ல சத்தமாகக் கேட்டேன்.

“அம்மைக்கு எப்பிடி இருக்கு பிள்ளே? கஞ்சி குடிச்சினுமா?”

ஷைனியின் கண் கதவுக்குப் போனது. “சேச்சி, வேண்டா” என்றாள் மெதுவாக.

“பேசு. நான் இருக்கேன்.”

அவள் பேசத் தொடங்கினாள். முதலில் ஒரு சொல், பிறகு ஒரு வாக்கியம், பிறகு அழுகையோடு எல்லாம். சமையல்கட்டில் வேலை பார்க்கும் போலந்துக்காரப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். என்ன நடக்கிறது என்று பார்த்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் தங்கைக்குப் போன் செய்து போலிஷில் பேச ஆரம்பித்தாள். மாரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் நர்ஸ் தன் மொழியில் ஒரு பாட்டையே பாடினாள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை. அதைப் போல ஒரு சந்தோஷமான சத்தத்தை நான் அந்தக் கட்டிடத்தில் அதுவரை கேட்டதில்லை.

மேலாளர் வந்தார். எல்லாரும் நிறுத்தினோம்.

“லில்லி,” என்றார் என்னைப் பார்த்து, “இதை நீங்கள்தான் தொடங்கினீர்களா?”

“ஆமாம்” என்றேன். எழுந்து நின்றேன். “கட்டிலருகே நாங்கள் ஆங்கிலம்தான் பேசுவோம். அது எங்கள் கடமை. இந்த நேரம் எங்களுடையது. ஷைனியை நேற்று நீங்கள் சுவரைப் பார்த்து வாசிக்க வைத்தது தவறு. அதற்கு நீங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.”

“உங்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்.”

“எடுங்கள். காரணத்தை எழுத்தில் கொடுங்கள். தேநீர் குடிக்கும்போது தமிழ் பேசினாள் என்று எழுதுங்கள்.”

அப்போது நோரா வந்தார். கதவை அடைத்துக்கொண்டு நின்ற மேலாளரை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே வந்து, கோப்பையை எடுத்து, தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். ஐரிஷ் மொழியில். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் ஒரு நாள்கூட அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத மொழி. நீளமாக, அவசரமில்லாமல், பால் ஊற்றிக் கலக்கிக்கொண்டே பேசினார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன்.

மேலாளர் முகம் சிவந்தது. அவரும் அயர்லாந்துக்காரர்தான். இந்த நாட்டின் அரசியல் சட்டத்தில் முதல் மொழி ஐரிஷ். வெளியே கம்பத்தில் நூற்றாண்டுக் கொடி. கெட்டிலுக்கு மேலே அவர் ஒட்டிய காகிதம்.

நோரா அவரைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார். “எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு காலத்தில் பிள்ளைகள் கழுத்தில் குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஐரிஷில் ஒரு சொல் பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி. அதைச் செய்தது ஆங்கிலேயன் மட்டுமல்ல அம்மா, நம்மவர்களும்தான். பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துச் செய்தார்கள். நீங்களும் நல்லது என்றுதான் நினைத்திருப்பீர்கள்.”

மேலாளர் திரும்பிப் போய்விட்டார்.

அந்த வாரம் எங்களை ஒவ்வொருவராக அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, விதியை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. மாரிசெல் போடவில்லை. போலந்துக்காரி போடவில்லை. ஷைனி உள்ளே போனபோது நாங்கள் எல்லாரும் நடையில் காத்து நின்றோம். போட்டாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டோம் என்று முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். வெளியே வந்தவள் கை விரல்களை விரித்துக் காட்டினாள், மை படவில்லை என்பது போல. “இட்டில்ல சேச்சி” என்றாள். அவளும் போடவில்லை. எங்களில் உண்மையான தைரியசாலி அவள்தான்.

இல்லத்தின் உரிமையாளர்கள் வந்து பேசினார்கள். கட்டிலருகே ஆங்கிலம், இடைவேளையில் அவரவர் விருப்பம் என்று முடிவானது. காகிதத்தை மேலாளரே வந்து கிழித்தார். ஷைனியிடம் மன்னிப்பும் கேட்டார். அப்போது அவர் குரல் உடைந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஷைனியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஹெட் நர்ஸ் வேலை எனக்கு வரவில்லை, வேறொருவருக்குப் போனது. செல்வராஜ் அதைக் கேட்டுவிட்டு, “போவட்டும், ஒனக்கு அந்த நீல யூனிபார்ம் கொள்ளாது” என்றார்.

5

ஜெனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மார்ச்சில் பள்ளியில் கொடியேற்றினார்கள். பிள்ளைகள் தாங்களே எழுதிய பிரகடனத்தை வாசித்தார்கள். ஜெனியின் கட்டுரையைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பசி, வரி, நிலம் எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் அவளுடைய வரி ஒன்று: ‘தங்களுக்கு நடந்ததைத் தாங்கிக்கொள்கிற மனிதர்கள், தங்களவர்களுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு தாங்கிக்கொள்வதில்லை.’ நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளி நடையில் நின்று அதை இரண்டு முறை படித்தேன்.

ஆகஸ்டில் ஊருக்குப் போனோம். புதுக்கடையில் சுடப்பட்டவர்களுக்கு ஆண்டுதோறும் மாலை போடும் நாள். கட்சிக்காரர்கள் மைக் கட்டிப் பேசிவிட்டுப் போனார்கள். கூட்டம் கலைந்து பஸ்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிய பிறகும் ஜெனி அங்கிருந்து நகரவில்லை. அவளுடைய தாத்தா நடந்து வந்தது எந்தச் சாலை, போலீஸ் நின்றது எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்ததைக் காட்டினேன்.

பக்கத்தில் தேங்காப்பட்டணத்துப் பெண் ஒருவர் பாத்திரத்தை இறக்கி வைத்துச் சாளை மீன் விற்றுக்கொண்டிருந்தார். ஜெனியின் உடுப்பையும் பேச்சையும் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“பிள்ளே, எந்த நாட்டுல இருந்து வந்திருக்கிய?”

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே தமிழைத் தேடிப் பிடித்தாள்.

“அயர்லாந்து.”

“அங்க ஆரு ஆளுதா?”

“முன்னாடி வேற ஆளு. இப்ப... அங்க உள்ளவங்களே.”

அந்தப் பெண் ஒரு சாளையைத் தூக்கித் தராசில் போட்டார்.

“இஞ்சயும் அப்படித்தான் பிள்ளே” என்றார். “ஒனக்கு மீன் வேணுமா?”